ராத்திரி ஷிப்டும் ஏழு மணி ஜெபமும்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை வாசித்தேன். மற்றவர்களுக்காகச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஊர் சாத்தான்குளம் பக்கம், இப்போது பெங்களூரில் சாப்ட்வேர் சப்போர்ட் வேலை, ராத்திரி ஷிப்ட். வீட்டில் இருந்தவரை சாயங்காலம் ஏழு மணிக் குடும்ப ஜெபம் தப்பியதே இல்லை. இப்போது கம்பெனி கேபில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு யாரோ பதிவு செய்த ஜெபத்தைக் கேட்கிறீர்கள். வேதம் (பைபிள்) போனில். விடியற்காலம் அறைக்கு வந்ததும் படுத்தபடியே ஒரு சின்ன ஜெபம், பாதியில் தூக்கம். அம்மா ஒருநாள் "உனக்குப் பயபக்தி போயிட்டு" என்று சொல்லிவிட்டார்கள். போனில் வேதம் வாசிப்பது தவறா, படுத்துக்கொண்டு ஜெபிக்கலாமா, கேட்டுக்கொண்டே போவது ஜெபத்தில் சேருமா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். எனக்கு நாலாவதாக ஒன்று கேட்கிறது. ஏழு மணிக்கு அந்த வீட்டில் உங்களோடு இருந்த ஏதோ ஒன்று இன்னும் கூட வருகிறதா, ஊரிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோமா என்பதுதான் அது. முதல் மூன்றுக்கும் பதில் சுலபம். நாலாவதுக்குக் கொஞ்சம் சுற்றி வர வேண்டும்.

நான் திருநெல்வேலிப் பக்கக் கிராமச் சபைகளில் இருபத்தாறு வருடம் உபதேசியாராக (போதகருக்குக் கீழே சபையைக் கவனிக்கிறவர்) இருந்து ஓய்வு பெற்றவன். இறையியல் கல்லூரியில் பட்டம் வாங்கியவன் இல்லை. கிரேக்கம், எபிரெயம் வைத்து வாதாட எனக்கு வராது. சொல்வதெல்லாம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) பழக்கத்திலிருந்து சொல்வது. கத்தோலிக்கர் வீட்டிலும் பெந்தெகொஸ்தே வீட்டிலும் சில விஷயத்துக்கு வேறு பதில் கிடைக்கும். அதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

முதலில், சந்தேகமே இல்லாமல் சொல்லக்கூடியது. ஜெபத்துக்கு இன்ன நிலைதான் என்று வேதம் எங்கேயும் சட்டம் போடவில்லை. தானியேல் முழங்காற்படியிட்டான். இயேசு சொன்ன கதையில் வரி வசூலிக்கிற ஆயக்காரன் தூரத்தில் நின்றான். தாவீது கர்த்தருடைய சமுகத்தில் உட்கார்ந்திருந்து பேசினான். கெத்செமனேயில் இயேசு முகங்குப்புற விழுந்தார். படுக்கையில் நினைப்பதைப் பற்றி வேதத்துப் பாட்டுகளில் 63ஆம் சங்கீதமே இருக்கிறது. நம் அம்மாக்களுக்கு முழங்கால் போடுவதுதான் பயபக்தியின் உச்சம். ஆனால் 325இல் நிசேயாவில் கூடிய பேராயர்களின் சங்கம், ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஈஸ்டர் தொடங்கி ஐம்பதாம் நாளான பெந்தெகொஸ்தே பண்டிகை வரையுள்ள நாட்களிலும் முழங்கால் போடக் கூடாது, நின்றுதான் ஜெபிக்க வேண்டும் என்று விதியே போட்டது. உயிர்த்தெழுந்தவருடைய நாளில் எழுந்து நிற்பதுதான் அவர்களுக்கு மரியாதை. நாம் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுகிறோம். இங்கிலாந்துக்காரன் செருப்போடு உள்ளே போய்த் தொப்பியைக் கழற்றுகிறான். மரியாதை ஒன்றுதான், அதற்கு ஊருக்கு ஊர் உடுப்பு வேறு. ஆகவே படுத்துக்கொண்டு ஜெபித்தால் கேட்கப்படாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எனக்கே இரண்டு முழங்காலும் போய்விட்டது. ஐந்து வருடமாக நாற்காலியில் உட்கார்ந்துதான் ஜெபம்.

ஆனால் இதை வைத்து "அப்போ உடம்பு எப்படி இருந்தாலும் சரி, மனசுதான் முக்கியம்" என்று முடித்துவிடாதீர்கள். அந்த வாக்கியம் கேட்க நன்றாக இருக்கும், நடைமுறையில் ஆளைக் கவிழ்த்துவிடும். மனசு தானாக ஒரு இடத்தில் நிற்காது, உடம்பு பிடித்து நிறுத்தினால்தான் நிற்கும். உங்கள் வீட்டு ஏழு மணியை நினைத்துப் பாருங்கள். டிவியை அணைப்பது, பாயை விரிப்பது, அம்மா சேலைத் தலைப்பைத் தலையில் போடுவது, அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வேதத்தில் கயிறு வைத்த இடத்தைத் திறப்பது, சின்னவன் பாமாலைப் பாட்டுப் புத்தகத்தில் எண்ணைத் தேடுவது. இதில் எதுவும் ஜெபம் இல்லை. ஆனால் இவ்வளவும் நடந்து முடிந்தபோது நீங்கள் ஜெபத்துக்குள் வந்துவிட்டிருந்தீர்கள். நீங்கள் தொலைத்தது இந்தப் படிக்கட்டுகளைத்தான் என்று நினைக்கிறேன். படி இல்லாமல் மாடிக்குக் குதித்துப் பார்க்கிறீர்கள், முடியவில்லை, உடனே பயபக்தியே போய்விட்டதோ என்று பயம் வருகிறது.

போன் விஷயத்துக்கு அதிக நேரம் தேவையில்லை. தமிழில் புதிய ஏற்பாடு அச்சில் முழுதாக வந்தது 1715இல், தரங்கம்பாடியில். அதற்கு முன் ஓலை. தோலில் எழுதினார்கள், நாணலில் எழுதினார்கள், காகிதத்தில் அச்சடித்தார்கள். இப்போது கண்ணாடியில் தெரிகிறது. எழுத்து எதில் இருந்தாலும் அது வசனம்தான். கஷ்டம் வேறு இடத்தில். காகித வேதத்தில் மேலே இருந்து வாட்ஸப் செய்தி இறங்காது. ரோமர் எட்டாம் அதிகாரம் வாசித்துக்கொண்டிருக்கும்போது சோறு டெலிவரிக்காரர் வாசலில் நிற்கிறார் என்று காட்டாது. ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு வாசியுங்கள், பாதிப் பிரச்சினை தீர்ந்தது. முடிந்தால் படுக்கைப் பக்கத்தில் ஒரு காகித வேதமும் இருக்கட்டும்.

பதிவு செய்த ஜெபத்தைக் கேட்பது ஜெபத்தில் சேருமா என்பதில் எனக்குத் தீர்மானமான பதில் இல்லை. கோயிலிலும் போதகர் ஐயர் ஜெபிக்கிறார், நாம் கேட்டு ஆமென் சொல்கிறோம். அது ஜெபம்தானே என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வேன். ஆனால் அங்கே ஆமென் சொல்ல ஒரு ஆள் விழித்திருக்க வேண்டும். கேபில் நீங்கள் எந்த இடத்தில் ஆமென் சொன்னீர்கள் என்று நினைவு இருந்தால் அது சேரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி வழியில் தூங்கிப்போய் ஆபீஸ் வாசலில் விழித்தால், அது தாலாட்டு. தாலாட்டும் தப்பில்லை, அதற்கு ஜெபம் என்று பெயர் வைக்க வேண்டாம், அவ்வளவுதான்.

சரி, நாலாவது கேள்விக்கு வருகிறேன். அம்மா சொன்ன அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்வோம். புதிய ஏற்பாட்டில் எபிரெயருக்கு எழுதின நிருபத்தின் 12ஆம் அதிகாரம் முடிகிற இடத்தில் "பயத்தோடும் பக்தியோடும் தேவனுக்குப் பிரியமாய் ஆராதனைசெய்யும்படி" என்று வருகிறது. அடுத்த வசனம், நம்முடைய தேவன் பட்சிக்கிற அக்கினி. அதிகாரம் முடிந்தது. வாசிக்கிறவர் வேதத்தை மூடுகிறார், வீடு முழுக்க ஒரு பயம் நிற்கிறது. எத்தனையோ தரம் நானே அப்படி மூடியிருக்கிறேன். ஆனால் எழுதினவர் அங்கே நிறுத்தவில்லை. இன்று நாம் பார்க்கும் அதிகாரப் பிரிப்பு 13ஆம் நூற்றாண்டில் வந்தது. கேன்டர்பரி பேராயர் ஸ்டீபன் லாங்டன் செய்தது என்பார்கள். வசன எண்கள் அதற்கும் பின்னால், 16ஆம் நூற்றாண்டில். இந்தக் கோடுகளை அழித்துவிட்டு வாசித்தால், பட்சிக்கிற அக்கினிக்கு அடுத்த வரியே சகோதர சிநேகம். அதற்கு அடுத்தது அந்நியரை உபசரிப்பது. அப்புறம் சிறையில் கட்டப்பட்டிருக்கிறவர்களை நினைப்பது, விவாகத்தைக் கனமாக வைத்துக்கொள்வது, பண ஆசை இல்லாமல் நடப்பது. பயபக்தியோடு ஆராதிப்பது எப்படி என்று கேட்ட ஆளிடம், வாசலில் நிற்கிறவனுக்குச் சோறு போடு என்று பதில் சொன்ன மாதிரி இருக்கிறது.

பழைய ஏற்பாட்டில் லேவியராகமம் 19ஆம் அதிகாரத்திலும் இதே கதை. என் பரிசுத்த ஸ்தலத்தைக் குறித்துப் பயபக்தியாயிருங்கள் என்ற கட்டளை அந்த அதிகாரத்தில்தான் வருகிறது. அதற்குக் கொஞ்சம் மேலே, கூலிக்காரனுடைய கூலி விடியற்காலம் வரை உன்னிடத்தில் இருக்கலாகாது. கொஞ்சம் கீழே, நரைத்தவனுக்கு முன்பாக எழுந்திரு. இன்னும் கீழே, சரியான தராசு, சரியான படி. எல்லாவற்றுக்கும் முத்திரை ஒன்றுதான்: நான் கர்த்தர்.

இதை நான் பிரசங்கக் குறிப்பிலிருந்து கற்றுக்கொள்ளவில்லை. ஊழியத்தில் நாலாவது வருடம். எங்கள் வீட்டுக் கூரை பிரித்து ஓடு மாற்ற ஒரு கொத்தனார் வந்திருந்தார், எங்கள் சபை ஆள் இல்லை. சனிக்கிழமை வேலை முடிந்து கூலி வாங்க வரும்போது மணி ஏழு. நாங்கள் பாயில் உட்கார்ந்துவிட்டோம். அவர் வாசலில் நிற்பது எனக்குத் தெரிகிறது. ஜெபத்தை நிறுத்தக் கூடாது என்று வைராக்கியம். பாட்டு, சங்கீதம், வேத பாடம், என் நீண்ட ஜெபம், பரமண்டல ஜெபம், ஆசீர்வாதம். முக்கால் மணி நேரம். வெளியே வந்து பார்த்தால் மனிதர் சுண்ணாம்புக் கையைத் துண்டில் துடைத்தபடி அப்படியே நிற்கிறார். "கடை சாத்திருவாங்க சார், பிள்ளைக்கு மாத்திரை வாங்கணும்" என்றார். மருந்துக்கடை எங்கள் ஊரில் கிடையாது, அடுத்த ஊருக்குப் போக வேண்டும், கடைசி பஸ் ஏழரைக்குப் போயாயிற்று. யாரோ ஒருவருடைய சைக்கிளை வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். கடை திறந்திருந்ததா என்று கேட்க அவர் மறுபடி வரவில்லை. மீதி ஓட்டை வேறு ஆள் வந்து மாட்டினார். அன்று நாங்கள் வாசித்த பகுதி எது என்று எனக்கு நினைவில்லை. துண்டில் துடைத்த கை நினைவிருக்கிறது.

அதற்கு எதிர்ப்பக்கமாக என் அப்பாவைப் பெற்ற ஆச்சியைச் சொல்லலாம். எழுத்து வாசிக்கத் தெரியாது. சங்கீதங்கள் பாதி மனப்பாடம். ஒவ்வொரு நேரமும் உலைக்கு அரிசி அளந்து, சொளகில் புடைத்துக் கல் பொறுக்கின பிறகு, அதிலிருந்து ஒரு பிடி எடுத்து அடுப்பு மூலையில் இருந்த கலயத்தில் போடுவாள். போடும்போது உதடு மட்டும் அசையும். பிடியரிசிக் காணிக்கை. சனிக்கிழமை கலயம் நிறையும், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும். ஒருநாள் பிடியிலிருந்து கொஞ்சம் தரையில் சிந்தியது. நான் சின்னப் பையன், கூட்டி அள்ளிக் கலயத்தில் போடப் போனேன். ஆச்சி என் கையைத் தட்டிவிட்டு, சிந்தினதை நம் உலைக்கு எடுத்துக்கொண்டு, சொளகிலிருந்து சுத்தமான அரிசி வேறு பிடி எடுத்துப் போட்டாள். ஊனமானதைப் பலிக்குக் கொண்டுவருகிறீர்களே என்று மல்கியா தீர்க்கதரிசி கேட்பது, எனக்கு அந்த அடுப்படியில்தான் புரிந்தது. அவள் தனியாக ஜெபத்துக்கு ஒதுக்கின நேரம் குறைவுதான். ஏழு பிள்ளை பெற்ற வீடு. ஆனால் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை அவள் கை அந்தக் கலயத்துக்குப் போய் வந்தது.

இப்போது உங்கள் ஆபீஸுக்கு இதைக் கொண்டுவாருங்கள். ராத்திரி பதினோரு மணிக்குக் கேட்டைத் திறந்துவிடும் நரைத்த தலை செக்யூரிட்டி இருப்பார். போனைப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போகிறீர்களா, முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசுகிறீர்களா? கம்ப்ளெய்ன்ட் டிக்கெட்டைச் சரிசெய்யாமலே 'முடிந்தது' என்று மூடுவது உங்கள் துறையில் நடக்கிறது என்று என் மருமகன் சொல்கிறான். டைம்ஷீட்டில் எட்டு மணி நேரம் எழுதுவது, அதில் எவ்வளவு உண்மை? அதுதான் உங்கள் படி, உங்கள் தராசு. கேப் டிரைவரை வெளியே இருபது நிமிடம் காக்க வைத்துவிட்டு, ஏறினதும் ஹெட்போனில் ஜெபம் போட்டால், நான் முக்கால் மணி நேரம் செய்ததைத்தான் நீங்கள் சுருக்கமாகச் செய்கிறீர்கள்.

இதைச் சொன்னால் சிலர் சந்தோஷமாக மறுபக்கம் சாய்ந்துவிடுவார்கள். வேலையே ஆராதனை, தனியாக ஜெபம் எதற்கு என்பார்கள். சாட்சிக்குப் பாரிஸ் நகரத்து சகோதரர் லாரன்ஸைக் கூப்பிடுவார்கள். 17ஆம் நூற்றாண்டில் கார்மேல் சபைத் துறவிகளின் மடத்துச் சமையற்கட்டில் வேலை செய்தவர். சட்டி பானைச் சத்தத்துக்கு நடுவிலும், நற்கருணைக்கு முன் முழங்காலில் இருப்பது போலவே தேவனோடு அமைதியாக இருக்க முடிகிறது என்று சொன்னவர். உண்மைதான். ஆனால் அந்தச் சமையல் வேலை அவருக்கு இயல்பிலேயே பிடிக்காது என்பதையும், முதல் பத்து வருடம் உள்ளுக்குள் மிகவும் கஷ்டப்பட்டதாக அவரே எழுதினதையும் விட்டுவிடுவார்கள். அவர் இருந்தது மடம். மணி அடித்தால் ஜெபத்துக்கு ஆள் போகிற இடம். அவருக்கு ஆயிரம் வருடத்துக்கு முன்பே பெனடிக்ட் என்ற துறவி தன் மடத்து ஒழுங்கில், பண்டசாலைக்காரர் மடத்தின் எல்லாப் பாத்திரங்களையும் பலிபீடத்துப் பாத்திரங்களைப் போல மதிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார். கரண்டியைப் பலிபீடத்துப் பாத்திரமாகப் பார்க்க வேண்டுமானால், முதலில் பலிபீடத்துக்கு முன்னால் நின்று பழகியிருக்க வேண்டாமா? குறித்த நேர ஜெபமும் வேண்டும், கொத்தனாருக்கு நேரத்தில் கூலியும் வேண்டும். இரண்டும் மோதினால்? அந்த நேரத்தில் எழுந்து போய்க் கூலியைக் கொடுத்துவிட்டு வந்து பாட்டை விட்ட இடத்தில் பிடிக்கலாம். காணிக்கையைப் பலிபீடத்தண்டையில் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடே ஒப்புரவாகு என்று சொன்ன இயேசுவே அதற்கு அனுமதி கொடுத்திருக்கிறார்.

நடைமுறைக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். உங்களுக்குச் சாயங்காலம் ஏழு மணி என்பது தூங்கி எழுந்து வேலைக்குக் கிளம்புகிற நேரம். அதாவது உங்கள் காலை. ஒன்றாம், இரண்டாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட திதகே என்ற பழைய சபை ஒழுங்கு, கர்த்தர் கற்பித்த ஜெபத்தை, அதாவது பரமண்டல ஜெபத்தை, ஒரு நாளைக்கு மூன்று தடவை சொல்லச் சொல்கிறது. அரை நிமிடம்தான் ஆகும். எழுந்ததும் ஒன்று, நடு ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் ஒன்று, விடியற்காலம் அறைக்கு வந்து ஷூவைக் கழற்றினதும் ஒன்று. மூன்றாவதை மட்டும் கட்டிலில் ஏறுவதற்கு முன்னால் சொல்லுங்கள், நின்றபடி போதும். ஷூ கழற்றுவது எப்படியும் நடக்கிற காரியம், அதோடு இதைக் கட்டிவிட்டால் மறக்காது. அதற்குப் பிறகு படுத்துக்கொண்டு எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள், பாதியில் தூங்கினாலும் பரவாயில்லை. மாதத்தில் எத்தனை ஞாயிறு கோயிலுக்குப் போக முடிகிறது என்று நீங்கள் எழுதவில்லை. ஷிப்ட் முடித்த கையோடு காலை ஆராதனைக்குப் போய்ப் பிரசங்கத்தில் தலை ஆடினால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். எங்கள் சபையில் பனையேறி முடித்து வந்து தூங்கின பெரியவர்களை நான் எழுப்பினதே இல்லை.

இரண்டு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். கண்ணை மூடி வேதத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தை வைத்து வேலையை விடலாமா, கல்யாணத்துக்குச் சரி சொல்லலாமா என்று பார்க்கிற பழக்கம் நம் பக்கம் உண்டு. பார்க்கப் பக்தி போல இருக்கும். குறி கேட்பதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. இன்னொன்று, இன்று ஜெபிக்கவில்லை, அதனால் வீட்டில் யாருக்காவது ஏதாவது ஆகிவிடும் என்ற பயம் உங்களைத் தூங்க விடாமல் படுத்தினால், அதைப் பயபக்தி என்று நினைத்து வளர்க்காதீர்கள். போதகரிடம் பேசுங்கள். பேசியும் நாள் கணக்கில் அது விடவில்லை என்றால் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். என் ஊழியத்தில் அப்படி இரண்டு பேரை ஜெபத்தால் மட்டுமே சரிசெய்துவிடலாம் என்று நான் வைத்திருந்தது தப்பு. மருந்தும் ஜெபமும் சேர்ந்துதான் அவர்களைத் தூக்கிவிட்டது.

அம்மா சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் பயபக்தி போய்விட்டது என்று அவர்கள் உண்மையிலேயே நினைக்கிறார்களா, ஏழு மணிப் பாயில் ஒரு இடம் காலியாக இருப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. இரண்டாவதாக இருக்கும் என்று ஒரு யூகம். நீங்கள் எழுந்து முகம் கழுவுகிற நேரமும் அவர்கள் பாய் விரிக்கிற நேரமும் ஒன்றாக இருக்கிறதே. தினமும் வேண்டாம், வாரத்தில் இரண்டு நாள் அந்த நேரத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் ஜெபிக்க வேண்டாம். அம்மா வாசிக்கட்டும், நீங்கள் கேளுங்கள். 134ஆம் சங்கீதத்தை வாசிக்கச் சொல்லுங்கள். இராக்காலங்களில் கர்த்தருடைய ஆலயத்தில் நிற்கிற ஊழியக்காரரைப் பார்த்துப் பாடினது அது, நைட் ஷிப்ட்காரர்களுக்கென்றே எழுதின மாதிரி இருக்கும். மூன்றே வசனம். கேப் வருவதற்குள் முடிந்துவிடும்.